கைபம்பை இழுத்தால் வருவது எது? இங்கிலாந்தின் பீப்பாய் ஏலும் அதைக் காய்ச்சும் சிறு ஆலைகளும்

2024இல் பிரிட்டனில் ஒரு தகராறு கிளம்பியது. கார்ல்ஸ்பெர்க் மார்ஸ்டன்ஸ் என்ற பெரிய பீர் நிறுவனம் 'ஃப்ரெஷ் ஏல்' என்று புதிதாக ஒன்றைப் பப்களுக்குக் கொண்டுவந்தது. பீர் வருவது கெக் எனப்படும் இறுக்கி மூடிய உருளையில். ஆனால் பாரில் நிற்பவருக்கு அதை ஊற்றித் தருவது பழைய பாணிக் கைபம்பில். அவ்வளவுதான் செய்தி. பாரம்பரிய ஏலுக்காகப் போராடும் காம்ரா என்ற நுகர்வோர் அமைப்பு, கைபம்பையே கடத்திக்கொண்டு போகிறார்கள் என்று கொதித்தது. வணிக முறைகேடுகளைக் கவனிக்கும் நேஷனல் ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் வரை புகார் போனது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும். பீர் பீர்தானே, பம்பு எதுவானால் என்ன? இதற்குப் பதில் சொல்ல, பீப்பாய் ஏல் என்பது என்ன என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். மற்ற பீர்கள் ஆலையிலேயே முழுமையாகி வெளியே வருகின்றன. இது ஆலையில் பாதிதான் ஆகிறது. மீதி, ஏதோ ஒரு பப்பின் நிலவறையில், அங்கிருப்பவர் கையில் ஆகிறது. இதைக் காய்ச்சும் சிறு ஆலைகளின் பெருமை, கஷ்டம், கோபம் எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன.

முதலில் நான்கு சொற்கள்

1. ஏல்: ஓரளவு வெதுவெதுப்பான சூட்டில், சுமார் 20 டிகிரி செல்சியஸில், மேலே நுரையாகத் திரளும் ஈஸ்டால் புளிக்கவைக்கப்படும் பீர். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் லாகர். அது குளிரில், அடியில் படியும் ஈஸ்டால், நிதானமாகப் புளிப்பது.

2. பீப்பாய்: ஆங்கிலத்தில் காஸ்க். பெயரைக் கேட்டதும் மரம் ஞாபகத்துக்கு வரும். இன்று பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். வயிறு பருத்த அந்தப் பழைய உருவம் மட்டும் மாறவில்லை. உள்ளே இருக்கும் பீரில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும்.

3. கெக்: நேரான உருளை. இதற்குள் போகும் பீரை வடிகட்டி, பல சமயம் பாஸ்டர் முறையில் சூடாக்கி, ஈஸ்டை நீக்கிவிடுவார்கள். கரியமில வாயுவின் அழுத்தத்தால் குழாய் வழியாக மேலே ஏறி வரும். ஆலையில் என்ன சுவையோ அதே சுவைதான் பாரிலும்.

4. ரியல் ஏல்: காம்ரா பரப்பிய சொல். எந்தக் கலத்திலிருந்து ஊற்றுகிறார்களோ அதே கலத்துக்குள் இரண்டாம் முறை நொதித்து, வெளியிலிருந்து வாயு செலுத்தாமல் பரிமாறப்படும் ஏல் என்பது இதன் பொருள்.

ஆங்கிலேயர்கள் சூடான பீர் குடிக்கிறார்கள் என்று ஒரு பழைய கிண்டல் உண்டு. பீப்பாய் ஏலைப் பரிமாறும் சூடு 11 முதல் 13 டிகிரி. சென்னைக்காரருக்கு இது ஜில்லென்றுதான் இருக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த லாகரோடு ஒப்பிடும்போதுதான் சூடு. வாயுவும் குறைவு: ஒரு லிட்டர் பீப்பாய் ஏலில் கரைந்திருக்கும் கரியமில வாயு ஏறத்தாழ ஒரு லிட்டர் அளவு, கெக் லாகரில் இரண்டரை லிட்டர் வரை போகும். நாக்கைக் குத்தும் குமிழி இல்லாததால் பார்லியின் பிஸ்கட் வாசனையும் ஹாப்ஸ் என்ற பூக்களின் கசப்பும் தனித்தனியாகத் தெரியும். பழகாதவர்கள் 'சப்பென்று இருக்கிறது' என்பதும் இதனால்தான்.

ஆலையில் ஆகும் பாதி

ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் வடக்கே, பேன்பரி ஊருக்குப் பக்கத்தில் ஹுக் நார்ட்டன் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 1849இல் ஜான் ஹாரிஸ் என்பவர் அங்கே ஒரு பண்ணையை வாங்கி, பார்லியை முளைகட்டிக் காயவைக்கும் வேலையில் இறங்கினார். அது பீர் காய்ச்சுவதில் போய் முடிந்தது. அந்தப் பகுதியில் இரும்புக்கல் வெட்டினார்கள். 1887இல் ரயிலும் வந்தது. உடம்பு நோக உழைத்துவிட்டுத் தாகத்தோடு வரும் ஆட்களுக்குக் குறைவில்லை. இன்றைக்கும் வேலை செய்யும் ஆலைக் கட்டடம் 1900ஐ ஒட்டி எழுந்தது. வில்லியம் பிராட்ஃபோர்டு என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் மரமும் செங்கல்லும் இரும்பும் கலந்து, மாடி மேல் மாடியாக, யாரோ விளையாட்டாக அடுக்கி வைத்தது போலிருக்கும்.

அந்த உயரம் அழகுக்காக அல்ல. இதைக் கோபுர ஆலை என்பார்கள். தண்ணீரையும் மால்ட் எனப்படும் முளைகட்டிய பார்லியையும் ஒருமுறை உச்சிக்கு ஏற்றிவிட்டால், அதற்குப் பின் கூடியவரை ஒவ்வொரு கட்டமும் கீழ்மாடிக்கு இறங்கிவரும். பம்பு வேலை மிச்சம். மேலே ஏற்றுவதற்கு 1899இல் ஒரு நீராவி இயந்திரத்தை வைத்தார்கள். பர்ட்டன் என்ற ஊரில் இருந்த பக்ஸ்டன் அண்ட் தார்ன்லி கம்பெனி செய்தது, 25 குதிரைத் திறன். 2006 வரை அதுதான் ஆலையின் பெரும்பாலான இயந்திரங்களை ஓட்டியது. காட்சிக்கு வைத்த பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். நூறு வருஷத்துக்கு மேல் சம்பளம் வாங்காமல் உழைத்த ஆள் அது.

உள்ளே நடக்கும் வேலையின் வரிசை இப்படி:

1. முளைகட்டிக் காயவைத்த பார்லியை, அதாவது மால்ட்டை, உடைத்த நொய் பதத்துக்கு அரைக்கிறார்கள். இங்கிலாந்தின் ஏல் ஆலைகளுக்கு மாரிஸ் ஆட்டர் என்ற பார்லி ரகத்தின் மேல் தனிப் பிரியம். 1960களில் கேம்பிரிட்ஜில் உருவான ரகம்.

2. சுமார் 65 டிகிரி வெந்நீரில் அதை ஊறவைத்தால், முளைவிடும்போது உருவான நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. கஞ்சி மாதிரி இருந்தது ஒரு மணி நேரத்தில் பதநீர் மாதிரி இனிக்கும். ஒரு வேடிக்கை: பீர் ஆலைக்காரர்கள் காய்ச்சும் தண்ணீரை 'லிக்கர்' என்பார்கள். 'வாட்டர்' என்றால் கழுவுகிற தண்ணீர்.

3. அந்த இனிப்புச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் பூக்களைப் போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்கவிடுவார்கள். ஃபகுல், கோல்டிங்ஸ் இரண்டும் பழைய ஆங்கில ரகங்கள். கசப்பு தருவதோடு, கெட்டுப்போக வைக்கும் சில கிருமிகளையும் ஹாப்ஸ் தடுக்கும்.

4. ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்தால் சில நாளில் சர்க்கரையின் பெரும்பகுதி ஆல்கஹாலாக மாறிவிடும். ஹுக் நார்ட்டனின் பெயர்பெற்ற 'ஓல்டு ஹுக்கி' 4.6 சதவீதம்; அன்றாடம் குடிக்கும் 'ஹுக்கி' 3.5.

லாகர் ஆலையில் இதற்கடுத்து வாரக்கணக்கில் குளிரில் கிடத்தி, வடிகட்டி, பளபளப்பாக்கி, வாயு ஏற்றுவார்கள். இங்கே அதெல்லாம் கிடையாது. கொஞ்சம் சர்க்கரை மிச்சமிருக்கும்போதே, ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் என்ற அளவில் உயிருள்ள ஈஸ்டோடு, பீரைப் பீப்பாயில் நிரப்பி மூடுகிறார்கள். உள்ளே ஈஸ்ட் மிச்சச் சர்க்கரையைத் தின்று வாயுவை உண்டாக்குகிறது. வெளியே போக வழியில்லாததால் அந்த வாயு பீரிலேயே கரைகிறது. ராத்திரி அரைத்து மூடிவைத்த இட்லி மாவு காலையில் பொங்கியிருப்பதும் இதே மாதிரி வேலைதான்.

நிரப்பும்போது இன்னொன்றும் சேர்ப்பார்கள்: ஐசிங்கிளாஸ். மீனின் காற்றுப்பையைக் காயவைத்து அமிலத்தில் கரைத்த கூழ். நம் கடற்கரையில் நெட்டி என்று தனியாக விலைபேசுவார்களே, அதே உறுப்புதான். அதிலுள்ள புரதம் நேர்மின் தன்மை கொண்டது. ஈஸ்ட் எதிர்மின் தன்மை. ஒன்றோடொன்று ஒட்டிக் கனமாகி, அடியில் போய்ப் படியும். கலங்கிய பீர் ஒன்றிரண்டு நாளில் கண்ணாடியாகத் தெளியும். பீரில் மீனா என்று சைவர்கள் திகைப்பது நியாயம்தான். கின்னஸ் நிறுவனம் ஐசிங்கிளாஸைக் கைவிடப்போவதாக 2015இல் அறிவித்தது. சில சிறு ஆலைகளும் இதைச் சேர்க்காமல் கலங்கலாகவே பீப்பாய் ஏலை அனுப்புகின்றன.

ஹுக் நார்ட்டனில் நிரப்பிய பீப்பாய்கள் பக்கத்துப் பப்களுக்கு ஷயர் என்ற பெரிய ரகக் குதிரைகள் இழுக்கும் வண்டியில் போகும். பார்ப்பவர்கள் போட்டோ எடுக்கத்தான் அது என்று நினைக்கலாம். கொஞ்சம் அதுவும்தான். ஆனால் வண்டியில் இருப்பது நிஜமான சரக்கு.

நிலவறையில் ஆகும் மீதி

பப்புக்கு வந்த பீப்பாயை நிலவறையில் ஒரு தாங்கியின் மேல் படுக்கவைத்து, உருளாமல் இரண்டு பக்கமும் மர ஆப்பு வைப்பார்கள். அதன்பிறகு அதை அசைக்கக் கூடாது. அசைத்தால் படிந்த வண்டல் எழும்பி, மறுபடியும் ஒரு நாள் காத்திருக்க வேண்டும்.

பீப்பாய்க்கு இரண்டு துளைகள். வயிற்றின் மேல்பக்கம் இருப்பதை ஷைவ் என்ற மரத்தக்கை மூடியிருக்கும். முகப்பின் கீழ்ப்பக்கம் இருப்பதைக் கீஸ்டோன் என்ற தக்கை. முதலில் ஷைவின் நடுவே மென்மையான, துளைத்துளையான ஒரு மரக்குச்சியை அடித்து இறக்குவார்கள். இதை மென்குச்சி என்று வைத்துக்கொள்வோம். இறங்கியதும் 'புஸ்' என்று வெள்ளை நுரை பொங்கி வழியும். நிலவறைக்காரர் அதைத் துடைப்பார், திரும்ப வருவார், மறுபடி துடைப்பார். நுரை எவ்வளவு வேகமாக மீண்டும் எழுகிறது என்பதை வைத்தே உள்ளே ஈஸ்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். நுரை அடங்கியதும் மென்குச்சியை எடுத்துவிட்டு, காற்றுப் புகாத வன்குச்சியைச் செருகுவார். இனி உண்டாகும் வாயு உள்ளேயே நிற்கும்.

அப்புறம் குழாய். கீஸ்டோனில் குழாயின் மூக்கை வைத்து மரச் சுத்தியலால் ஒரே அடி. தயங்கி இரண்டு மூன்று தரம் தட்டினால் பீர் முகத்தில் பீய்ச்சும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது குளித்திருப்பார்கள். ஒரு நாளோ இரண்டு நாளோ காத்திருந்து, கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முகர்ந்து, ருசித்துத்தான் விற்பனைக்கு விடுவார்கள்.

பாரில் இருக்கும் கைபம்பு வெறும் உறிஞ்சு பம்புதான். நம் ஊர் அடிபம்பின் உறவுக்காரன். பிடியை இழுத்தால் கால் பைன்ட்டோ அரை பைன்ட்டோ மேலே வரும். 1797இல் ஜோசப் பிராமா என்ற பொறியாளர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். வாயு தள்ளுவதில்லை, கைதான் இழுக்கிறது. ஒரு பைன்ட் என்பது 568 மில்லி. வடக்கு இங்கிலாந்தில் பம்பின் மூக்கில் சல்லடை மாதிரி ஒரு சின்ன மூடி போட்டு, கெட்டியான நுரையோடு கேட்பார்கள். தெற்கே அதைப் போட்டால் முறைப்பார்கள். இந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம்.

மூன்று நாள் கணக்கு

பீப்பாயிலிருந்து பீர் வெளியே போனால் அந்த இடத்துக்கு ஏதாவது உள்ளே வர வேண்டும். வாயு உருளை இல்லாததால் வருவது அறைக் காற்று. காற்றோடு ஆக்ஸிஜன் வரும், வினிகராக்கும் பாக்டீரியாவும் வரும். முதல் நாள் அந்தக் காற்று பீரைக் கொஞ்சம் மென்மையாக்கும். ரசிகர்கள் அதை விரும்புவார்கள். மூன்றாம் நாளுக்கு மேல் உயிர் போகும். அப்புறம் புளிப்பு. திறந்த பீப்பாய்க்கு மூன்று நாள்தான் ஆயுள் என்று தொழிலில் பேச்சு.

இதைப் பணக்கணக்காக்கினால்தான் சிறு ஆலைகளின் நிலை புரியும்:

1. வழக்கத்திலிருக்கும் சிறிய பீப்பாய் ஃபர்கின். 9 காலன், அதாவது 72 பைன்ட். அதைவிடச் சின்னது பின், 36 பைன்ட். இரண்டு ஃபர்கின் சேர்ந்தால் கில்டர்கின். நான்கு சேர்ந்தால் ஒரு பேரல்.

2. ஒரு ஃபர்கினை மூன்று நாளில் முடிக்க, தினம் 24 பைன்ட் விற்க வேண்டும். அடி வண்டலில் சில பைன்ட் விற்க முடியாமல் போகும். காலையில் குழாயில் தேங்கி நின்றதை இழுத்துக் கொட்டுவதும் நஷ்டக் கணக்கில்தான்.

3. பெருமைக்காக நான்கு கைபம்பு வைத்திருக்கும் பப், தினம் 96 பைன்ட் ஏல் மட்டும் விற்றாக வேண்டும். செவ்வாய்க்கிழமை மழையில் அது நடக்கிற காரியமா?

4. விற்கவில்லை என்றால் இரண்டே வழி. நாலாம் நாள் மிச்சத்தைக் கொட்டுவது. அல்லது ஐந்தாம் நாளும் ஊற்றுவது. இரண்டாவது வழியில் போகும் பப்பில் முதன்முறையாகப் பீப்பாய் ஏல் குடித்தவர், வினிகர் வாடையோடு வீட்டுக்குப் போவார். திட்டுவது பப்பை அல்ல, பம்பின் மேல் மாட்டியிருக்கும் அட்டையில் உள்ள ஆலையின் பெயரை.

நாலாவதுதான் உண்மையான வலி. ஹுக் நார்ட்டன் மாதிரி ஆலை எவ்வளவு கவனமாகக் காய்ச்சினாலும், கடைசிக் கட்டம் அதன் கையில் இல்லை. லாகர் கம்பெனிக்கு இந்தக் கவலை கிடையாது. மேலே சொன்ன ஃப்ரெஷ் ஏலின் கவர்ச்சியும் இங்கேதான்: திறந்தபின் 14 நாள் தாங்கும் என்று சொல்லி விற்றார்கள். கூட்டம் குறைந்த பப்காரருக்கு இது காதில் தேன். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

கெக் ஜெயித்ததும் 1971இல் நடந்ததும்

வாட்னீஸ் என்ற லண்டன் ஆலை 1930களிலேயே பாஸ்டர் செய்த கெக் பீரைச் சோதித்துப் பார்த்தது. 1960களில் பெரிய ஆலைகள் சிறியவற்றை வரிசையாக வாங்கி மூடியபோது கெக் நாடு முழுவதும் பரவியது. காரணம் மேலே உள்ள கணக்குதான். நிலவறையில் தேர்ந்த ஆள் வேண்டாம், மூன்று நாள் கெடு இல்லை, டிவியில் விளம்பரம் செய்தால் எல்லா ஊரிலும் ஒரே சரக்கு.

1971இல் வடமேற்கு இங்கிலாந்தைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்துக்கு உல்லாசப் பயணம் போனார்கள். டன்குவின் என்ற கடலோரக் கிராமத்தின் பாரில் உட்கார்ந்து, ஊரில் நல்ல பீர் அழிந்துகொண்டிருப்பதைப் பற்றிப் புலம்பி, ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதுதான் காம்ரா. விளையாட்டாகத் தொடங்கியது பத்து வருஷத்துக்குள் பெரிய நுகர்வோர் இயக்கமானது. அந்தக் காலத்தில் சொந்தமாகக் காய்ச்சி விற்கும் பப்கள் நாட்டில் நாலைந்துதான் மிஞ்சியிருந்தன. கார்ன்வாலில் ஹெல்ஸ்டன் ஊரின் ப்ளூ ஆங்கர் அதில் ஒன்று.

இயக்கத்தின் பக்கவிளைவாகப் புதிய ஆலைகள் முளைத்தன. 1978இல் பீட்டர் ஆஸ்டின் என்பவர் ஹாம்ப்ஷயரில் ரிங்வுட் ஆலையைத் தொடங்கினார். பிறகு பலருக்கு ஆலை அமைத்துக் கொடுத்தார். 1980இல் உருவான சிறு ஆலைகளின் சங்கத்திலும் அவர் முக்கியமான ஆள். ரிங்வுட் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.

பப் யாருடையது?

இங்கிலாந்தில் பப் என்பது பல இடங்களில் சுதந்திரமான கடை அல்ல. ஆலைக்கோ ஒரு பெரிய கம்பெனிக்கோ சொந்தமான கட்டடத்தை ஒருவர் குத்தகைக்கு எடுத்து நடத்துவார். வாடகை கொஞ்சம் குறைவாக இருக்கலாம். பதிலுக்கு, அவர்கள் சொல்லும் பீரை அவர்கள் சொல்லும் விலைக்குத்தான் வாங்க வேண்டும். இதைக் கட்டு என்பார்கள். கட்டுள்ள பப்பில், பக்கத்துத் தெருச் சிறு ஆலை எவ்வளவு நல்ல ஏல் காய்ச்சினாலும் உள்ளே நுழைய முடியாது.

1989இல் அரசு இதை உடைக்கப் பார்த்தது. பெரிய ஆறு நிறுவனங்கள் பீர் உற்பத்தியில் முக்கால் பங்கை வைத்திருந்தன. 2,000 பப்களுக்கு மேல் வைத்திருக்கும் ஆலைகள், அதற்கு மேலுள்ளதில் பாதியைக் கட்டிலிருந்து விடுவிக்க வேண்டும், விருந்தாளி ஏல் ஒன்றை வெளியிலிருந்து வாங்கும் உரிமையைக் குத்தகைக்காரருக்குத் தர வேண்டும் என்று பீர் ஆணைகள் வந்தன. அந்த விருந்தாளி பீப்பாய் ஏலாகவே இருக்க வேண்டும் என்றது விதி. சிறு ஆலைகளுக்கு ஒரு ஜன்னல் திறந்தது.

ஆனால் நடந்தது வேறு. ஆலைகள் பப்களைக் கொத்தாக விற்க, அவற்றை வாங்கியவை ஆலையே இல்லாத பப் கம்பெனிகள். சொந்த ஆலை இல்லாததால் ஆணை அவற்றைத் தொடவில்லை. கட்டு மட்டும் தொடர்ந்தது. பூனையை விரட்ட நாயைக் கொண்டுவந்த கதை. 2016இல் ஒரு புதிய பப் நெறிமுறை வந்து, 500 அல்லது அதற்கு மேற்பட்ட கட்டு பப்களை வைத்திருக்கும் கம்பெனிகளைக் கொஞ்சம் கட்டுப்படுத்தியது.

ஹுக் நார்ட்டன் இத்தனை காலம் நின்றதில் இதற்கும் பங்குண்டு: அதற்குச் சொந்தமாகச் சில டஜன் பப்கள் இருக்கின்றன. வாசல் தன்னுடையது, நிலவறைக்காரருக்குப் பயிற்சி தரவும் கண்காணிக்கவும் முடியும். சொந்தப் பப் இல்லாத புதிய ஆலைகள் ஒவ்வொரு பைன்ட்டுக்கும் அடுத்தவர் கதவைத்தான் தட்ட வேண்டும். கட்டு என்பது ஒருவருக்குச் சுவர், இன்னொருவருக்குக் கூரை.

வரி

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2002 முதல் ஆண்டுக்கு 5,000 ஹெக்டோலிட்டர் (ஐந்து லட்சம் லிட்டர்) வரை காய்ச்சும் ஆலைகளுக்குப் பீர் தீர்வை பாதியாகக் குறைந்தது. நூற்றுக்கணக்கான ஆலைகள் பிறக்க இது பெரிய காரணம். நடுத்தர ஆலைகள் மட்டும், இந்தப் பக்கமும் இல்லை அந்தப் பக்கமும் இல்லை என்று புலம்பின. 2023 ஆகஸ்டில் தீர்வை முறையே மாறியது. அதில் இரண்டு விஷயங்கள் முக்கியம்:

1. 20 லிட்டரும் அதற்கு மேலும் கொள்ளும் கலத்திலிருந்து ஊற்றித்தரும் பீருக்கு 9.2 சதவீதச் சலுகை வந்தது. 2025 பிப்ரவரியில் அது 13.9 ஆக உயர்ந்தது. சூப்பர் மார்க்கெட் கேனுக்கு எதிராகப் பப்புக்கு ஒரு கைத்தாங்கல். ஆனால் இது கெக்கையும் பீப்பாயையும் வேறுபடுத்தவில்லை. பீப்பாய்க்குத் தனியாக எதுவும் கிடைக்கவில்லை.

2. ஆல்கஹால் 3.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தீர்வை பாதிக்கும் கீழே இறங்கியது. அப்போது ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 21.01 பவுண்டுக்குப் பதில் 9.27 பவுண்டு. விளைவு எதிர்பார்த்ததுதான்: 3.6, 3.7 என்று இருந்த பல பீர்கள் 3.4க்கு இறங்கின. மைல்டு என்ற கசப்பு குறைந்த ஆங்கில ஏல்கள் சில ஏற்கெனவே இந்த எல்லைக்குக் கீழேதான் இருந்தன; அவற்றுக்கு லாட்டரி.

ரிங்வுட்டும் பர்ட்டன் பீப்பாய் வரிசையும்

2007இல் ரிங்வுட்டை மார்ஸ்டன்ஸ் வாங்கியது. பின்னர் மார்ஸ்டன்ஸின் பீர்த்தொழில் கார்ல்ஸ்பெர்க்கோடு சேர்ந்தது. சிறு ஆலை இயக்கத்துக்கு அடித்தளமிட்டவர் கட்டிய ரிங்வுட் 2024 தொடக்கத்தில் மூடப்பட்டது. 2019இல் லண்டனின் ஃபுல்லர்ஸ் தன் பீர்த்தொழிலை ஜப்பானின் அசாகிக்கு 250 மில்லியன் பவுண்டுக்கு விற்றிருந்தது. பெரிய கம்பெனிக்கு ஒவ்வொரு ஆலையும் கணக்கேட்டில் ஒரு வரி. ஊர்க்காரருக்கு அப்படியில்லை.

அதே 2024இல், மார்ஸ்டன்ஸின் பர்ட்டன் யூனியன் என்ற முறையும் நிறுத்தப்பட்டது. பர்ட்டன் ஊர் தண்ணீரில் ஜிப்சம் அதிகம். வெளிறிய கசப்பு ஏலுக்கு அது அருமை. 1820களிலிருந்து கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் கப்பலேறிய இந்தியா பேல் ஏல் அந்த ஊரில்தான் பெயர் வாங்கியது. 1838இல் காப்புரிமை பெற்ற யூனியன் முறையில், வரிசையாகக் கிடக்கும் மரப் பீப்பாய்களுக்குள் பீர் நொதிக்கும். பொங்கும் ஈஸ்ட் வாத்தின் கழுத்து போல் வளைந்த குழாய்கள் வழியாக ஏறி, மேலேயுள்ள தொட்டியில் விழும். ஈஸ்ட் மேலேயே தங்க, பீர் திரும்பக் கீழே இறங்கும். பராமரிக்கப் பீப்பாய்த் தச்சர்கள் வேண்டும். செலவு அதிகம்.

உடைத்துப்போடப் போகிறார்கள் என்று எல்லோரும் நினைத்தபோது, டெர்பிஷயரின் பேக்வெல் ஊரில் இருக்கும் தார்ன்பிரிட்ஜ் என்ற ஆலைக்கு ஒரு யூனியன் வரிசை போய்ச் சேர்ந்தது. 2005இல் பழைய சாமான் வாங்கித் தொடங்கிய ஆலை அது. நியூயார்க்கின் புரூக்ளின் ஆலையைச் சேர்ந்த காரெட் ஆலிவர் இடையில் நின்று பேசினார். தார்ன்பிரிட்ஜ் அந்த வரிசையில் தன் 'ஜெய்ப்பூர்' ஏலையும் புளிக்கவைத்தது. பெயரிலேயே தெரிகிறது, இந்தியா பேல் ஏல் வம்சம்தான். பெரியவரால் கட்டுப்படியாகாததைச் சின்னவர் தூக்கிச் சுமப்பது இந்தத் தொழிலில் புதிதல்ல.

திரும்பவும் கைபம்புக்கு

கெக்கிலிருந்து வரும் பீரைக் கைபம்பில் ஊற்றக்கூடாது என்று தனிச் சட்டம் எதுவும் கிடையாது. பொதுவான நுகர்வோர் விதிதான்: வாங்குபவரைத் தவறாக வழிநடத்தக் கூடாது. காம்ராவின் வாதம் முழுக்க அதன்மேல் நின்றது. ஐம்பது வருஷமாக மக்கள் கைபம்பைப் பார்த்ததும் 'இது பீப்பாயிலிருந்து வருகிறது' என்று படித்துக்கொள்கிறார்கள். பம்பின் உருவமே ஒரு லேபிள். அதற்குப் பின்னால் கெக்கை வைப்பது தேங்காய் எண்ணெய் டப்பாவில் பாமாயில் விற்பதைப் போல. நிறுவனத்தின் பதில்: பீப்பாயை மூன்று நாளில் விற்க முடியாத பப்களுக்குத்தான் இது; பம்பின் அட்டையில் ஃப்ரெஷ் ஏல் என்று எழுதியே இருக்கிறது.

எனக்குப் படுவது இது. பண்டம் மோசம் என்று சொல்ல முடியாது. கெட்டுப்போன பீப்பாய் ஏலைவிட நன்றாக இருந்த கெக் ஏல் எத்தனையோ. ஆனால் மூன்று நாள் கெடுவை ஏற்று, வண்டலைச் சுமந்து, மிச்சத்தைக் கொட்டும் ஆலைக்கும் பப்புக்கும் வெளியே காட்ட இருக்கும் ஒரே அடையாளம் அந்தப் பம்புதான். அதை எல்லோரும் பயன்படுத்தலாம் என்றானால், பக்கத்துப் பம்பில் 14 நாள் தாங்கும் சரக்கு அதே தோரணையில் நிற்கும்போது, யார் தினம் நிலவறைக்கு இறங்கி நுரை துடைப்பார்கள்?

இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் வித்தியாசம் கண்டுபிடிக்க வல்லுநராக வேண்டியதில்லை. பம்பின் பிடியில் மாட்டியிருக்கும் அட்டையைப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் 'இது காஸ்கா' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், வாங்குவதற்கு முன் ஒரு வாய் ருசிபார்க்கவும் பல பப்களில் தருவார்கள். இன்னொன்று: சில பம்புகளின் அட்டையைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்திருப்பார்கள். அந்தப் பீப்பாய் தீர்ந்துவிட்டது, அடுத்தது நிலவறையில் இன்னும் தெளிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.